பயணத்திட்டத்தில் இல்லாத செத்தவீடு

யப்பானுக்கு விசா கேட்பவர், அங்கே ஒவ்வொரு நாளும் எங்கே நிற்பார், என்ன பார்ப்பார் என்பதைத் திகதிவாரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தச் செய்தியை என் தங்கை பிலோமினா, மன்னார்த் தீவின் கீரிக் கரையிலிருந்து ஆட்டோ பிடித்து நான் இருக்கும் தோட்டவெளிக்கு வந்து, ஏதோ இடி விழுந்த மாதிரிச் சொன்னாள். எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. கச்சேரியில், அதாவது மாவட்ட அரச செயலகத்தில், வேலை பார்த்த காலமெல்லாம் கோப்புகளுக்குத் திகதி போட்டவன் நான். ஓய்வுபெற்ற பின் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் நடக்கும் திருநாள், கலியாணம், மரணம், புயல், கடலரிப்பு என்று எல்லாவற்றையும் திகதியிட்டு எழுதி வருகிறேன். யப்பானைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் இளமையிலிருந்தே வாசித்தவன். அந்த நாட்டின் பண்பாட்டை ஒரு வாரத்துக்குள் அனுபவிக்க ஒரு திட்டம் போட்டுத் தா என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவன் போல உடனே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

செவ்வாய் போய்ச் சேருவது. புதன் தங்கையின் மகள் வேலை செய்யும் இடம். வியாழன் தேநீர்ச் சடங்கு. வெள்ளி பழைய தலைநகரின் மரக்கோயில்களும் அங்கே தெருவில் திரியும் மான்களும். சனி வெந்நீர் ஊற்றுக் குளியலும் முகமூடி நாடகமும். ஞாயிறு பூசை, ஓய்வு. திங்கள் திரும்புவது. தங்கைக்கு வாசித்துக் காட்டினேன்.

"மான் தெருவில திரியுதோ, அண்ணை?"

"ஓம். ஆக்களைக் கண்டால் தலை குனிஞ்சு வணக்கம் சொல்லுமாம்."

"மன்னார் ரவுணில கழுதை திரியுது. அதைப் பார்க்க ஒருத்தரும் விசா எடுத்து வரேல்லை." தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்கள் என்னெண்டாலும் எழுதுங்கோ. எனக்குப் பிள்ளையைப் பார்க்கவேணும். கையோட கூட்டிக்கொண்டு வரவேணும். அவ்வளவுதான்."

பிள்ளை என்றால் அவளுடைய ஒரே மகள் ஜெனிற்றா. யப்பானின் மியே மாகாணத்தின் கடலோர ஊர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. இந்த வருடம் ஒப்பந்தம் முடிகிறது. திரும்பி வரலாம், விரும்பினால் நீடிக்கலாம். அவள் இரண்டில் எதையும் சொல்லவில்லை. இதற்கிடையில் பேசாலையில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. மாப்பிள்ளை வங்கி உத்தியோகம். தாய் ஞானம் அக்கா, தங்கையின் பள்ளிக்கூடக் கூட்டாளி. தவக்காலத்தில் எங்கள் கோயில்களில் கலியாணம் நடப்பதில்லை. ஆகவே உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் நாள் குறிப்பதென்று பேச்சு. பிள்ளை ஓம் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. தகப்பன் இல்லாத பிள்ளை, வயதும் ஏறுகிறது, இதை விட்டால் இன்னொன்று அமையுமோ என்பது தங்கையின் நித்திரையைக் கெடுத்த கவலை.

செவ்வாய்க்கிழமை. தவக்காலத்தின் மூன்றாம் வாரம். யப்பானில் எனக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சி சத்தமின்மை. ரயில் பெட்டி நிறையச் சனம். நிற்கிறார்கள், இருக்கிறார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நித்திரை கொள்கிறார்கள். ஆனால் எங்கள் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில்கூட, இதைவிடச் சத்தம் இருக்கும். மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் பாட்டு, அழும் குழந்தை, கச்சான் கடலை விற்பவர், எல்லாவற்றுக்கும் மேலே சாரதியின் ஹோர்ன் என்று பழகிய காதுக்கு, இந்த அமைதியில் ஏதோ விபரீதம் நடக்கப் போவது போல இருந்தது.

அது நடந்தது. தங்கையின் கைப்பையில் தொலைபேசி அலறியது. ஞானம் அக்கா.

"வந்திட்டம், அக்கா! ரயிலில போறம்! கேட்குதோ? ஓம், நல்ல குளிர்! பிள்ளையை இனித்தான் பார்க்கப் போறம்!"

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது. பெட்டி முழுவதும் ஒரே நேரத்தில் எங்களைப் பார்க்காமல் இருந்தது. எதிரே இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை மட்டும் தன் சப்பாத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கை கதைத்து முடித்துவிட்டு, "நல்ல மரியாதையான சனம்" என்றாள்.

ஜெனிற்றா நிலையத்தில் நின்றாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள், தாயும் அழுதாள், நான் பெட்டிகளை எண்ணினேன். டாக்சியின் கதவு தானாகத் திறந்தது. "ஐயோ, பேயோ!" என்று தங்கை பின்வாங்க, சாரதி பயந்து இறங்கி வந்து மூன்று தரம் தலை குனிந்தார்.

புதன்கிழமை முதியோர் இல்லம். போகும்போது ஆஸ்பத்திரி மணத்தை எதிர்பார்த்தேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வேறு செருப்பு, நடைக்கூடத்தில் ஒன்று, கழிவறைக்குப் போனால் அதற்கென்று ஒன்று. எந்தச் செருப்பு எந்த இடத்துக்கு என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது ஜெனிற்றா ஒரு குளியலறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே ஒரு முதிய பெண்மணி கதிரையோடு சேர்த்து இயந்திரத்தால் தூக்கப்பட்டு வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். நான் வெளியே பாய்ந்துவிட்டேன். தங்கை உள்ளே உறைந்து நின்றாள்.

பிறகு அந்த அம்மாவை உடுத்தி, முடி உலர்த்தி, சக்கரக் கதிரையில் வெளியே கொண்டுவந்தார்கள். பெயர் நொகுச்சி. தொண்ணூறைத் தாண்டியவர். வயது முற்றும்வரை கடலில் மூச்சடக்கிக் குளித்துச் சிப்பியும் கடற்பாசியும் எடுத்தவராம். அந்தக் கரையில் சுழியோடுவது பெண்களின் தொழில் என்று நான் வாசித்திருந்தேன். வாசித்ததை ஒரு மனுசியாக எதிரில் கண்டதும் என்னையறியாமல் தலை குனிந்து வணங்கினேன். எங்கள் பக்கத்தில் முத்துக்கும் சங்குக்கும் இறங்கியவர்கள் எல்லோரும் ஆண்கள்.

நொகுச்சி அம்மாவுக்குக் காது கேட்காது. ஜெனிற்றா அவருடைய காதோடு வாயை வைத்துக் கத்தினாள். கதைப்பவள் எங்கள் பிள்ளைதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அப்படியொரு அதிகாரமும் பகிடியும் குரலில். கிழவியும் திருப்பிக் கத்தினார்.

"என்னவாம்?" என்றாள் தங்கை.

"நீங்களும் கடலுக்குள்ள குதிக்கிறனீங்களோ எண்டு கேட்கிறா."

"ஐயோ, எங்கட ஊரில வலையைப் பொம்பிளையள் தாண்டினாலே ஏசுவினம் எண்டு சொல்லு."

சொன்னாள். கிழவி பல்லில்லாத வாயால் உரக்கச் சிரித்து, தங்கையின் முழங்கையைப் பிடித்து, மீனின் பருமன் பார்ப்பது போல அமத்திப் பார்த்து ஏதோ சொன்னார்.

"பழக்கினால் குதிக்கலாமாம், அம்மா. கை நல்ல கையாம்."

தங்கை கையை விடுவித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் நடைபாதையில் நின்று மகளிடம் வெடித்தாள். "பெத்த தாயை ஒரு நாள் குளிப்பாட்டாத நீ, முன்னப்பின்ன தெரியாத கிழவியளைக் கழுவித் துடைக்கிறாய். இதுக்கோ நான் உன்னைப் படிப்பிச்சனான்? அங்க ஒருத்தன் காத்துக்கொண்டிருக்கிறான்."

ஜெனிற்றா தாயின் குளிர்ச்சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டாள். "குளிருது, வாங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை, தேநீர்ச் சடங்குக்கு நாங்கள் உடுத்திக்கொண்டிருக்கையில் ஜெனிற்றாவுக்கு அழைப்பு வந்தது. கதவருகே போய்க் கேட்டாள். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. நொகுச்சி அம்மா விடியப்புறம் நித்திரையிலேயே இறந்துவிட்டார்.

"நான் போகவேணும், மாமா. அவவை நான்தான் பார்த்தனான். நீங்கள் ரெண்டு பேரும் ரயிலில போவியளோ? மூண்டாவது நிலையம்."

மூன்றாவது நிலையத்துக்குப் போக ஆங்கிலமும் வரைபடமும் அறிந்த எனக்கு என்ன கஷ்டம் என்று புறப்பட்டோம். இரண்டே பெட்டிகள் உள்ள சிறு ரயில். பின்பெட்டியின் கதவருகே தயாராக நின்றோம். நிலையம் வந்தது. கதவு திறக்கவில்லை. பொத்தானை அமர்த்தினேன், தட்டினேன். ரயில் புறப்பட்டுவிட்டது. அடுத்த நிலையத்திலும் அப்படியே. ஆளில்லாத நிலையங்களில் முன்பெட்டியின் முன்கதவு மட்டுமே திறக்கும், சாரதியைக் கடந்துதான் இறங்க வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. நான் வாசித்த ஒன்றிலும் அது இல்லை. கடைசியில் பாதை முடிந்த இடத்தில் சாரதி எழுந்து வந்து எங்களைக் கையோடு இறக்கிவிட்டார்.

அது கடலோரம். நிலையத்தில் இருப்பதற்கு ஒரு மரவாங்கும், பானம் விற்கும் ஒரு இயந்திரமும் தவிர வேறெதுவும் இல்லை. ஆட்களும் இல்லை. திரும்பும் ரயிலுக்கு நெடுநேரம் இருந்தது. கடற்பாசி சுற்றிய முக்கோணச் சோற்றுருண்டைகளைத் தங்கையின் பையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டோம். அவள் பாசியை உரித்துப் போட்டுவிட்டுச் சோற்றை மட்டும் தின்றாள்.

"கடல் இருக்கு, மீன் மணம் இல்லை" என்றாள். உரித்த பாசியைக் காலால் ஒதுக்கிவிட்டு, "அந்தக் கிழவி நேற்று என்ர கையைப் பிடிச்சவ" என்றாள்.

"ஓம்."

"இண்டைக்கு இல்லை." தண்ணீரைக் குடித்தாள். "அண்ணை, இனி நல்லதுதானே? பிள்ளையை இங்க பிடிச்சு வைச்சிருந்தது அந்தக் கிழவிதான். கிழவியைப் பற்றித்தான் ஒவ்வொரு நாளும் போனில கதை. அவ போயிட்டா. இனிப் பிள்ளை வருவாள்."

என் தங்கை கல்நெஞ்சக்காரி அல்ல. அதை அவள் கணக்குப் பார்ப்பது போலச் சொன்னது எனக்குத் திக்கென்றது. ஆனால் மறுக்கவும் முடியவில்லை.

மாலையில் ஜெனிற்றா களைத்து வந்தாள். செத்தவீடு நாளைக்கா என்று கேட்டேன். இல்லையாம். வெள்ளி மாலை சவத்தருகே கண்விழிப்பு மட்டும். எரிப்பது சனிக்கிழமை. காரணத்தைக் கேட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். யப்பானியரின் நாட்காட்டியில் ஆறு பெயர்கள் மாறி மாறி வரும். அவற்றில் ஒன்று 'நண்பனை இழுக்கும் நாள்', அது இந்த வெள்ளிக்கிழமையில் விழுந்திருந்தது. அன்று பிணத்தை அனுப்பினால் அது இன்னொருவரையும் கூட இழுத்துக்கொண்டு போகுமாம். ஆகவே அன்று எரியூட்டு நிலையத்தையே மூடிவிடுகிறார்கள். விண்வெளிக்குக் கலம் அனுப்பும் நாட்டில், அரசாங்கத்தின் எரியூட்டு நிலையம், இழுக்கும் நாளில் விடுமுறை!

திருக்கேதீஸ்வரப் பக்கத்தில் எங்கள் சைவச் சிநேகிதர் வீடுகளில் சனிக்கிழமை இறந்தவரோடு ஒரு தேங்காயையோ கோழிக்குஞ்சையோ கூட அனுப்புவார்கள். துணைக்கு ஆளை இழுக்காமல் இருப்பதற்காக. இத்தனை ஆயிரம் மைல் தள்ளி அதே பயத்தைக் கண்டதில் என் மயிர்க்கால்கள் குத்திட்டன. தங்கைக்கு வேறு கவலை.

"வெள்ளிக்குப் பயந்து சனியில எரிக்கினமோ! சனி அதைவிடக் கூடாதெல்லோ?"

"அம்மா, நாங்கள் வேதக்காரர். எங்களுக்கு ஏன் அது?"

"வேதக்காரருக்கும் சனி சனிதான்."

வெள்ளிக்கிழமை மானும் மரக்கோயிலும் கைவிட்டுப் போயின. நான் தனியே போயிருக்கலாம். ஆனால் முந்தின நாள் ரயிலுக்குப் பிறகு தைரியம் வரவில்லை. ஜெனிற்றா கறுப்புச் சட்டை இரண்டு இரவல் வாங்கி வந்தாள். கண்விழிப்புக்கு நாங்களும் வரவேண்டும் என்று இல்லத்தில் சொன்னார்களாம். தங்கை உடனே சம்மதித்தாள். செத்தவீடு ஒன்று தெரிந்தும் போகாமல் இருப்பது அவளுக்கு முடியாத காரியம்.

மண்டபம் ஒரு வங்கிக் கந்தோரின் வரவேற்பறை போல இருந்தது. வெள்ளைப் பூக்கள் அணிவகுத்து நின்றன. நடுவில் மரப்பெட்டி, முகத்துக்கு நேரே ஒரு சிறு கதவு. உள்ளே நொகுச்சி அம்மா, வெள்ளை உடுப்பு, கன்னத்தில் பூச்சு. உடம்பைச் சுற்றிக் குளிர்கட்டிகள். நாற்பது ஐம்பது பேர் வரிசையாகக் கதிரைகளில். பிக்கு ஓதினார். ஒவ்வொருவராகப் போய்த் தூள் சாம்பிராணியை விரலால் எடுத்து நெருப்பில் போட்டுத் தலை குனிந்து வந்தார்கள்.

ஒருவரும் அழவில்லை.

இதையும் நான் வாசித்திருந்தேன். அடக்கம் அந்த நாட்டின் இயல்பு. ஆனால் மகன், மருமகள், பேரன், அயலவர் என்று அத்தனை பேரும் வறண்ட கண்ணோடு இருந்த அந்த மண்டபத்தில் எனக்கு இருமவே பயமாக இருந்தது. தங்கை என் பக்கத்தில் நெளிந்தாள். முந்தானை நுனியைத் தேடினாள், இரவல் சட்டையில் முந்தானை ஏது? கைலேஞ்சியை எடுத்தாள், மடித்தாள், விரித்தாள்.

"ஒருத்தரும் அழேல்லை, அண்ணை" என்று என் காதுக்குள் சொன்னாள். "சவம் வெட்கப்படும்."

எங்கள் முறை வந்தது. நான் சாம்பிராணி போட்டேன். திரும்பினால் தங்கை என் பின்னால் இல்லை. பெட்டியடிக்குப் போய்விட்டாள். கீரியில் எப்படியோ அப்படியே இரண்டு கையாலும் பெட்டியின் விளிம்பைப் பிடித்தாள். தலையைச் சாய்த்தாள். குரல் எழுந்தது.

"கண்காணாச் சீமையில எண தாயே
காது கேளாமல் கிடந்தியோ
பெத்தவள் நான் தீவிலிருக்க
பிள்ளைக்குக் காவலிருந்தியோ
சிப்பியெடுத்த கையாலே என்ர
செல்வத்தைத் தடவி விட்டியோ
அழுவார் ஒருத்தர் இல்லாமல் எண
ஐஸுக்குள்ள படுத்தியோ"

பிக்குவின் குரல் ஒரு கணம் தடுமாறி, மீண்டும் தொடர்ந்தது. மண்டபம் முழுவதும் சிலையாகிவிட்டது. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. கறுப்புச் சூட் போட்ட மண்டப ஊழியர் இருவர் ஓசையில்லாமல் ஓடி வந்தனர். ஒருவர் கையில் கதிரை, மற்றவர் கையில் நின்றுபோன இதயத்தை உலுப்பி ஓடவைக்கும் மின்கருவி இருந்த சிவப்புப் பை! தங்கைக்கு நெஞ்சுவலி என்று நினைத்துவிட்டார்கள். அவர்கள் அவளைக் கதிரையில் இருத்தப் பார்க்க, அவள் அவர்களை உதறிவிட்டு இன்னும் இரண்டடி பாடினாள்.

"அம்மா! ஐயோ, நிப்பாட்டுங்கோ! எல்லாரும் பார்க்கினம்!" ஜெனிற்றா தாயைப் பிடித்து இழுத்தாள்.

"பார்க்கட்டும். செத்தவீட்டில அழாமல் கலியாணவீட்டிலயோ அழுறது?"

நான் வெட்கத்தால் நிலத்தைப் பார்த்தேன். ஜெனிற்றாவின் வேலைக்கு இதனால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். அவளுடைய மேலதிகாரி அம்மா நான்காம் வரிசையில் வாயில் கை வைத்தபடி இருந்தார்.

ஓதல் முடிந்ததும் இறந்தவரின் மகன் எங்களை நோக்கி வந்தார். உயரமான, மெலிந்த மனிதர், தலை நரைத்தவர். ஜெனிற்றா இடுப்பு முறியக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அவர் கையசைத்து நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அவள் ஒற்றை வரியில் பதில் சொன்னாள்.

"என்ன கேட்டவர்?" என்றேன்.

"அம்மா என்ன பாடினவ எண்டு. என்ர மகளைப் பார்த்துக்கொண்டதுக்கு நன்றி எண்டு சொன்னவ எண்டனான்."

மகன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னதை ஜெனிற்றா எங்களுக்குத் தமிழில் சொன்னாள். அவளுக்கே நம்பமுடியவில்லை. "என் அம்மாவுக்குக் காது கேட்காது. இது கேட்டிருக்கும்." அதைச் சொல்லும்போதும் அவர் அழவில்லை, சிரிக்கவுமில்லை. பிறகு இன்னொன்றும் சொன்னார். நாளை எரியூட்டு நிலையத்துக்குக் குடும்பத்தார் மட்டுமே போவார்கள். நாங்கள் மூவரும் அவர்களோடு வரவேண்டும்.

அதன்பின் விருந்து வைத்தார்கள். தட்டு நிறையப் பச்சை மீன். தவக்கால வெள்ளி, இறைச்சி தொடக்கூடாதே என்று நான் பயந்திருந்தேன். மீன் என்றதும் ஆறுதல். தங்கை ஒரு துண்டை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தாள். "நல்ல அறக்குளா. ஏன் சமைக்காமல் விட்டவை?" என்றாள். நான் ஒன்றை விழுங்கினேன். வாயில் கரைந்தது. சுவையாக இருந்ததுதான் இன்னுமொரு அதிர்ச்சி.

சனிக்கிழமை. மலையடிவாரத்தில் எரியூட்டு நிலையம். புகைபோக்கியே இல்லை. பெட்டி ஒரு உலோகக் கதவுக்குள் போனது, கதவு மூடியது, நாங்கள் மேல்மாடியில் தேநீரும் இனிப்பும் அருந்திக்கொண்டு காத்திருந்தோம். நான் திட்டத்தில் எழுதிய தேநீரை இப்படி ஒரு இடத்தில் குடிப்பேன் என்று யார் நினைத்தார்? எங்களுடையது மண்ணுக்குள் வைக்கும் வழக்கம். ஒரு பிடி மண் போட்டால் முடிந்தது. அதன் பிறகு என்ன ஆகிறது என்பதைப் பார்ப்பதில்லை.

கீழே அழைத்தார்கள். தட்டு வெளியே வந்தது. அதில் நொகுச்சி அம்மா இருந்தார். சாம்பல் அல்ல. காலெலும்பு, இடுப்பு, விலா, மண்டையோடு எல்லாம் படுத்த கிடையிலேயே வெள்ளை வெளேரென்று. வெக்கை முகத்தில் அடித்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். தங்கை என் கையை நசுக்கிப் பிடித்தாள். அவளுடைய உதடு 'அருள்நிறைந்த மரியே' என்று வேகமாக அசைந்தது.

நிலையத்து ஊழியர் நீளமான குச்சிகளைக் கொடுத்தார். ஒன்று மூங்கில், ஒன்று வேறு மரம், வேண்டுமென்றே சோடி பொருந்தாதவை. இருவர் இருவராக நின்று ஒரே எலும்பை இருபக்கமும் குச்சியால் பிடித்துக் கலசத்துக்குள் போட வேண்டும். காலிலிருந்து தொடங்கித் தலையில் முடிய வேண்டும், கலசத்துக்குள் இறந்தவர் தலைகீழாக நிற்கக் கூடாதல்லவா. கால் எலும்பைப் பார்த்து ஊழியர், "நன்றாக உழைத்த கால்கள்" என்றாராம். மகன் தலையசைத்தார்.

மகனும் மருமகளும் முதலில் எடுத்தார்கள். பிறகு பேரன். அதன்பின் மகன் திரும்பி, தன் எதிர்ப்பக்கத்துக் குச்சிகளை ஜெனிற்றாவிடம் நீட்டினார்.

"போகாதை" என்று தங்கையின் வாய் சொன்னது. சத்தம் வரவில்லை.

ஜெனிற்றா போனாள். இருவருமாக ஒரு விலா எலும்பை எடுத்தார்கள். ஒருவர் பிடி தளர்ந்தால் விழுந்து நொறுங்கும். மெதுவாக, ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் கொண்டுபோய்க் கலசத்துக்குள் இறக்கினார்கள். டிக் என்று ஒரு ஒலி. இன்னொன்று. கடைசியாக, கழுத்துக்குள் இருக்கும் ஒரு சிறு எலும்பு. புத்தர் அமர்ந்திருக்கும் வடிவில் இருப்பதாகச் சொல்லி அதை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பார்கள். அதையும் மகன் ஜெனிற்றாவோடுதான் எடுத்தார்.

நான் அந்த எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை அதைப் பார்க்கவில்லை.

"அண்ணை" என்றாள். "பிள்ளைக்குக் கை நடுங்கேல்லை."

"ஓம்."

"வீட்டில பல்லி விழுந்தாலே கத்துறவள்."

வாசலில் ஆளுக்கொரு சிறு உப்புப் பொட்டலம் தந்தார்கள். வீட்டுக்குள் போகுமுன் மேலில் தூவ வேண்டுமாம். ஜெனிற்றாவின் அறை வாசலில் மூவரும் நின்று தூவினோம். தங்கைக்கு அது போதவில்லை. தலை முழுகினாள், எங்களையும் முழுகச் சொன்னாள். பிறகு சோறு போட்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டைப் பொரிக்க ஜன்னலைத் திறந்ததும் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜெனிற்றா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அம்மா, நான் வாறன்."

"எங்க?"

"ஊருக்கு. ஒப்பந்தம் முடிய வாறன். நீங்கள் தனிய இருக்கிறியள். நொகுச்சி அம்மாவின்ர மகன் மாசத்தில ஒருக்கா வந்தவர். நான் அதுவும் வரேல்லையெல்லோ. ஞானம் மாமியிட்ட ஓம் எண்டு சொல்லுங்கோ."

எனக்குப் பெருமூச்சு வந்தது. வந்த காரியம் முடிந்தது. தங்கை எழுந்து மகளை அணைத்து அழப்போகிறாள் என்று எண்ணினேன். அவள் கருவாட்டுத் துண்டு ஒன்றை மகளின் தட்டில் வைத்தாள்.

கோப்பை கழுவி முடியவில்லை, தொலைபேசி அடித்தது. தங்கையின் கை ஈரம். ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள்.

"என்னடி பிலோ? பிள்ளை என்னவாம்? என்ர மகன் கேட்டுக்கொண்டு நிக்கிறான்."

"பிள்ளை சுகமா இருக்கிறாள், அக்கா. இண்டைக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போனனாங்கள்."

"ஐயோ, போன இடத்திலயுமோ? ஆற்ற செத்தவீடு?"

தங்கை சொல்லத் தொடங்கினாள். கிழவியைச் சொன்னாள், தான் பாடியதைச் சொன்னாள். ஞானம் அக்கா சிரித்தார். பிறகு தட்டு வெளியே வந்ததைச் சொன்னாள். சிரிப்பு நின்றது. நிறுத்தச் சொல்லி நான் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். தங்கை என்னைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"ரெண்டு தடி குடுத்தவை, அக்கா. எங்கட பிள்ளை எலும்பு எடுத்தவள். விலா எலும்பு, பிறகு தொண்டை எலும்பு. கிழவியின்ர மகன் மற்றப் பக்கம் பிடிச்சவர்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்! கலியாணம் பேசின குமர்ப்பிள்ளை சுடலைக்குப் போய்ச் செத்த சவத்தின்ர எலும்பு தொட்டவளோ?"

"தொட்டவள். இன்னும் தொடுவாள். அவளின்ர வேலையில இதெல்லாம் வரும். குளிக்க வார்க்கிறது, பீ மூத்திரம் எடுக்கிறது, எல்லாம் செய்யிறவள். நான் பார்த்தனான்."

பேசாலையில் ஏதோ ஒரு வீட்டில் கோழி கூவியது மட்டும் கேட்டது.

"சரி, பிலோ. நான் மகனோட ஒருக்காக் கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்."

"ஓம் அக்கா. ஆறுதலாக் கதையுங்கோ."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசியவர்கள் இப்படிச் சொன்னால் அதன்பிறகு அழைப்பு வராது. அது எனக்குத் தெரியும். தங்கைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஜெனிற்றா சோற்றுக் கரண்டியோடு நின்றாள். "அம்மா, நான் வாறன் எண்டு சொன்னனான் எல்லோ?"

"கேட்டது." தங்கை கையைத் துடைத்தாள். "நாளைக்கு உனக்கு எத்தினை மணிக்கு வேலை?"

"விடிய ஏழு மணிக்கு. ஆனா நாளைக்கு ஞாயிறு, அம்மா. உங்களோட பூசைக்கு வாறதுக்கு லீவு கேட்கலாம்."

கீரியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. அன்று வலையைத் தொட்டதற்காகச் சொந்தத் தம்பியோடு ஒரு வருடம் கதைக்காமல் இருந்தவள் என் தங்கை.

"பூசைக்கு நானும் அண்ணையும் போவம். நீ வேலைக்குப் போ" என்றாள். "வேலைக்குப் போடுற அந்த நீலச் சட்டையைக் கொண்டா, அயன் பண்ணித் தாறன். அண்டைக்கு அங்க பார்த்தனான், கொலர் ஒரே கசங்கல்."